தூளைக் கொதிக்க வைக்கும் காற்று

மினசோட்டா, விஸ்கான்சின் போன்ற அமெரிக்க வட மாநிலங்களில் குளிர்காலம் என்பது படகைக் கொட்டகையில் ஏற்றிவிட்டு, அடுத்த பருவத்துக்கான தூண்டில் சாமான்களைத் தயார் செய்யும் காலம். கராஜின் மூலையில் ஒரு மேசை. அதன் மேல் ஈயம் உருக்கும் மின்சாரச் சட்டி. அலுமினிய அச்சின் குழியில் தூண்டில் முள்ளை வைத்து, உருகிய ஈயத்தை ஊற்றி ஆறவிட்டால், தலையில் சிறு குண்டு ஒட்டிய முள் கையில் விழும். இதற்கு ‘ஜிக்’ என்று பெயர். ஈயக் குண்டு முள்ளை ஆழத்துக்கு இறக்கும். அதன் மேல் பூசும் நிறம் மீனின் கண்ணை இழுக்கும். எலுமிச்சைப் பச்சையா, ஆரஞ்சா என்பதில் இவர்களுக்குள் தீராத வழக்கு உண்டு. மீன்கள் இதுவரை தீர்ப்புச் சொல்லவில்லை.

சாதாரணப் பெயின்ட் இரண்டு பாறையில் மோதினால் உதிர்ந்துவிடும். அதனால் பவுடர் பெயின்ட். நம் ஊர்ப் பட்டறைகளில் ஜன்னல் கிரில்லுக்கும் இரும்பு அலமாரிக்கும் அடிக்கிறார்களே, அதே பவுடர் கோட்டிங்தான். பட்டறையில் மின்னூட்டம் கொடுத்துத் துப்பாக்கியால் அடிப்பார்கள். ஜிக் செய்பவருக்கு அவ்வளவு ஏற்பாடு வேண்டியதில்லை. குறட்டால் ஜிக்கைப் பிடித்து ஹீட் கன் முன்னால் சில நொடி காட்டுகிறார். சூடேறிய குண்டை, தூள் நிறைந்த ஒரு கோப்பைக்குள் அமிழ்த்தி, ஒரு நொடி, மிஞ்சினால் இரண்டு நொடியில் எடுக்கிறார். தொட்ட தூள் சூட்டில் உருகி ஈயத்தின் மேல் ஒட்டிக்கொள்கிறது.

சும்மா கொட்டி வைத்த தூளில் அமிழ்த்தினால் அது மாவில் உருட்டிய உருண்டை மாதிரி ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் வரும். தூள் தண்ணீர் போல நெகிழ்ந்து, குண்டின் எல்லாப் பக்கமும் சமமாகத் தழுவ வேண்டும். அதற்குத்தான் பாய்மப் படுகை. பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்று, அதன் அடியில் காற்று மட்டும் நுழையக்கூடிய ஒரு சவ்வு, சவ்வுக்குக் கீழே மூடிய காற்றறை, அதற்குள் மீன் தொட்டிப் பம்பிலிருந்து வரும் குழாய். அவ்வளவுதான் கருவி. செலவும் சொற்பம்.

பம்பைப் போட்டதும் தூள் பொங்கி எழுந்து மெல்லக் கொதிக்கும் கஞ்சி போல அலையாட வேண்டும். புதிதாகச் செய்தவர்களில் பலர் பார்ப்பது வேறு. நடுவில் ஒரு துளை திறந்து, அதன் வழியே தூள் எரிமலை போலப் பீறிடுகிறது. சுற்றிலும் உள்ள தூள் அசையாமல் கல்லாக நிற்கிறது. அல்லது எதுவுமே நடப்பதில்லை: பம்பு உறுமுகிறது, தூள் உறங்குகிறது. உடனே எல்லோரும் செய்வது ஒன்றுதான், பெரிய பம்பு வாங்குவது. பெரும்பாலும் அது தப்பான வைத்தியம். இந்தக் கோப்பைக்குக் காற்றுப் பஞ்சம் அநேகமாக வருவதில்லை. வரும் காற்றைப் பங்கு வைப்பதில்தான் சிக்கல்.

புட்டுக் குழாயை நினைத்துக்கொள்ளலாம். கீழே ஆவி, நடுவே துளையிட்ட சில்லு, மேலே மாவு. மாவைச் சரியான ஈரத்தில் பிசிறி, அழுத்தாமல் போட்டால் ஆவி எல்லா இடுக்கிலும் புகுந்து மேலே வரும். அமுக்கி அடைத்துவிட்டால் ஓரமாக ஒரு வழியைக் கண்டுபிடித்து அதிலேயே சீறிப் போகும். நடு மாவு வேகாது. பாய்மப் படுகையின் பாதிக் கோளாறுகள் இந்த வேகாத புட்டுதான். ஒரு வேறுபாடு உண்டு. புட்டு மாவு இருந்த இடத்தில் இருக்க வேண்டும். இங்கே தூள் எழுந்து மிதக்க வேண்டும்.

அடுக்கிக் கிடக்கும் தூளின் ஊடே காற்று மெதுவாக மேலேறும்போது ஒவ்வொரு துகளையும் கொஞ்சம் கொஞ்சம் உந்துகிறது. வேகத்தைக் கூட்டக் கூட்ட உந்துதலும் கூடும். ஒரு கட்டத்தில் அந்த உந்துதல் துகளின் எடைக்குச் சமமாகிவிடும். அந்தக் கணத்தில் துகள்கள் ஒன்றையொன்று சுமப்பதை விட்டுவிட்டுக் காற்றின் மேல் நிற்கின்றன. படுகை உப்புகிறது. மேற்பரப்பு நீர் போல மட்டமாகிறது. கோப்பையைச் சாய்த்தால் தூளும் வழிகிறது. கனமான நட்டு மூழ்கும், தக்கைத் துண்டு மிதக்கும். ஆர்க்கிமிடிஸின் விதி பெயின்ட் தூளுக்கும் பொருந்துவதை ஐந்து நிமிடம் வேடிக்கை பார்க்கலாம்.

இந்த வித்தையைத் தொழிலுக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் விங்க்ளர். பழுப்பு நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுக்க அவர் பாய்மப் படுகையைப் பயன்படுத்தினார்; 1922இல் காப்புரிமை, 1926இல் லாய்னா நகரில் ஆலை. 1942 மே மாதம் லூசியானாவின் பேட்டன் ரூஜில், கச்சா எண்ணெயின் கனமான பகுதியை உடைத்துப் பெட்ரோலாக்க, வினையூக்கித் தூளை இதே முறையில் ஓடவிட்ட முதல் பெரிய ஆலை இயங்கத் தொடங்கியது. சென்னை மணலி சுத்திகரிப்பு ஆலையில் அந்த வம்சத்தின் ஓர் அலகு இருக்கிறது. நெய்வேலி இரண்டாம் அனல் நிலைய விரிவாக்கத்தின் 250 மெகாவாட் கொதிகலன்களில் பழுப்பு நிலக்கரி எரிவதும் பாய்மப் படுகையில்தான். சூடான உலோகத்தை மிதக்கும் பிளாஸ்டிக் தூளில் முக்கிப் பூச்சேற்றலாம் என்று 1950களின் தொடக்கத்தில் காட்டியவர் எர்வின் கெம்மர் என்ற ஜெர்மானியர். கராஜ் மேசையில் இருக்கும் பி.வி.சி. கோப்பை அவருடைய நேர் வாரிசு.

இனி கணக்கு. 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள கோப்பையின் அடிப்பரப்பு ஏறத்தாழ 20 சதுர சென்டிமீட்டர். அதில் 50 கிராம் தூளைப் போட்டால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இரண்டரை கிராம் எடை. அதைத் தூக்க இரண்டரை சென்டிமீட்டர் உயர நீரின் அழுத்தம் போதும். இளநீருக்குள் ஸ்ட்ராவை விட்டுக் குமிழி ஊதும் குழந்தை இதைவிட அதிகமாக அழுத்துகிறது.

காற்றின் அளவும் அப்படித்தான். 40 மைக்ரான் பருமனுள்ள பெயின்ட் துகளை மிதக்க வைக்க, காற்று நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வேகத்தில் ஏறினால் போதும். நம் கோப்பைக்கு அது நிமிடத்துக்கு 100 மில்லிலிட்டரைத் தொடாது. மீன் தொட்டிக்கென விற்கும் சாதாரணப் பம்பே ஒரு லிட்டருக்கு மேல் தள்ளும். தேவை ஒரு குவளை, வருவது ஒரு குடம்.

பிறகு ஏன் தூள் எழவில்லை?

டெல்டா விவசாயிக்கு விடை தெரியும். வாய்க்காலில் தலைமடைக்காரர் மடையை அகலத் திறந்துவிட்டால் தண்ணீர் முழுதும் அவர் வயலில் இறங்கிவிடும். கடைமடைக்குச் சொட்டு வராது. வாய்க்காலில் எவ்வளவு விட்டாலும் இதே கதைதான். ஒவ்வொரு மடையும் சிறிதாக, ஒரே அளவாக இருந்தால்தான் தண்ணீர் தேங்கி நின்று கடைசி வரை போகும். கோப்பையின் அடியிலுள்ள சவ்வின் வேலை அதுவே. சவ்வு காற்றைச் சுலபமாக விட்டுவிடக் கூடாது. கொஞ்சம் தடுக்க வேண்டும். தடுத்தால்தான் காற்றறையில் அழுத்தம் தேங்கி, சவ்வின் ஒவ்வொரு நுண்துளையிலும் சமமாக ஏறும்.

சவ்வு தொளதொளவென்று காற்றை விட்டால் நடப்பது வேறு. தூள் எங்காவது ஒரு நூலளவு மெலிந்திருக்கும். அங்கே எதிர்ப்பு குறைவு என்பதால் காற்று அந்தப் பக்கம் சாயும். சாய்ந்த காற்று அங்கிருக்கும் தூளை விலக்கும். விலகியதும் எதிர்ப்பு இன்னும் குறையும், இன்னும் காற்று வரும். கண் இமைக்கும் நேரத்தில் துளை திறந்து எரிமலை தயார். இந்த நிலையில் பெரிய பம்பை மாட்டுவது, தலைமடை திறந்து கிடக்கும்போது அணையில் கூடுதலாகத் தண்ணீர் விடுவதற்குச் சமம். ஆலைப் பொறியாளர்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு ஒன்று உண்டு: தூள் கொடுக்கும் எதிர்ப்பில் மூன்றில் ஒரு பங்காவது அடித்தட்டு கொடுக்க வேண்டும். கராஜ்காரர் கணக்குப் போடாமலே அதை எட்டிவிடலாம். சவ்வாக வைத்த காபி வடிதாளில் எரிமலை வந்தால் இரண்டு தாளாகப் போட்டுப் பார்க்கலாம். மளிகைக் கடைப் பழுப்புத் தாளும் உதவும்.

கைவினைஞர்கள் பலர் கடைசியில் போய் நிற்பது டைவெக்கில். அமெரிக்க வீடுகளின் மரச் சுவருக்கு மேல் சுற்றும் வெள்ளைத் தாள் அது. சில அஞ்சல் உறைகளும் அதில்தான் செய்யப்படுகின்றன. பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னாமல் அமுக்கிச் செய்தது, காற்றை வேண்டாவெறுப்பாகத்தான் விடும், தூளை விடவே விடாது. இந்த வேலைக்கென்றே படைத்தது போலிருக்கும். ஆனால் ஒரு பலவீனம்: ஏறக்குறைய 135 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கோப்பைக்குள் அமிழும் ஜிக்கின் சூடு அதற்கும் மேல். குறடு நழுவி ஒரு ஜிக் அடியில் விழுந்தால் சவ்வில் ஊசிமுனைத் துளை விழும். நேற்றுவரை ஒழுங்காக இருந்த கோப்பை இன்று திடீரென்று ஒரே இடத்தில் மட்டும் பீறிட்டால், தூளைக் கொட்டிவிட்டுச் சவ்வை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

சவ்வைக் கட்டிய விதத்திலும் கோளாறு ஒளிந்திருக்கும். மேளத்தோல் போல இழுத்துக் கட்ட வேண்டும். தொய்வாக இருந்தால் அழுத்தத்தில் நடுப்பகுதி கும்மட்டமாக எழும்பும். அதன் உச்சியில் தூளின் ஆழம் குறைவு. காற்றுக்கு வழி கிடைத்துவிடும். கீழே காற்றுக் குழாயின் வாய் சவ்வை நேராகப் பார்த்திருந்தாலும் இதே விளைவு. தாரை நடுவில் போய் மோதும். வாயைப் பக்கவாட்டில் திருப்பலாம், அல்லது காற்றறையை ஈயக் குண்டுகளாலோ கோலிக் குண்டுகளாலோ நிரப்பிவிடலாம். குண்டுகளின் இடுக்குகளில் காற்று திரும்பித் திரும்பிப் போய் வேகம் இழந்து, சவ்வை அடையும்போது பரவிவிடும். ஈயக் குண்டுக்கு இந்த வீடுகளில் பஞ்சமே இல்லை. கோப்பைக்கு அடியில் கனம் கொடுத்துச் சாயாமலும் வைக்கும்.

சாய்வு அற்பமாகத் தோன்றும். 5 டிகிரி சாய்ந்த மேசையில் 5 சென்டிமீட்டர் கோப்பையின் ஒரு ஓரம் மறு ஓரத்தைவிட 4 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்துவிடும். தூள் நீர் போல மட்டம் தேடும் பொருள் என்பதால் அந்த ஓரத்தில் ஆழம் குறையும். மொத்த ஆழமே 4, 5 சென்டிமீட்டர் என்னும்போது அது பத்தில் ஒரு பங்கு. காற்று அந்தப் பக்கமே கொதிக்கும், எதிர்ப்பக்கம் செத்துக் கிடக்கும். ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, கோப்பைக்கு அடியில் வேண்டிய தடிமனுக்கு மடித்த ஒரு தாளைச் செருகினால் தீர்ந்துபோகும் கோளாறுக்கு எத்தனை பம்புகள் வாங்கப்பட்டனவோ!

குருட்டாம்போக்கில் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்க வேண்டிய தேவையும் இல்லை. பம்புக்கும் கோப்பைக்கும் நடுவே ஒரு ‘டி’ இணைப்பைப் போட்டு, அதன் மூன்றாம் வாயில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை ‘ப’ வடிவத்தில் வளைத்து மாட்டி, பாதிவரை நீரூற்றினால் அழுத்தமானி தயார். முதலில் தூள் போடாமல் பம்பை ஓட்டி, இரு புறத்து நீர்மட்ட வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அது சவ்வின் பங்கு. பிறகு 50 கிராம் தூளைப் போட்டு, அதே அளவு காற்றுவிட்டால் வித்தியாசம் இன்னும் இரண்டரை சென்டிமீட்டர் கூட வேண்டும், தூளின் எடைக் கணக்குப்படி. கூடினால் முழுத் தூளும் காற்றின் மேல் நிற்கிறது என்று பொருள். ஒரு சென்டிமீட்டர்தான் கூடியது என்றால் காற்று எங்கோ குறுக்கு வழி பிடித்திருக்கிறது. வெறும் கோப்பையிலேயே மட்டம் எழும்பவில்லையா? சவ்வு தொளதொளப்பு, அல்லது காற்றறையின் ஒட்டுவாயில் கசிவு. சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் பார்ப்பது போல இணைப்புகளில் சோப்பு நீர் தடவினால் குமிழியே காட்டிக்கொடுக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் தூள் முரண்டு பிடிப்பதுண்டு. அப்போது குற்றம் தூளின் பேரில்.

பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டெரெக் கெல்டார்ட் 1973இல் தூள்களை நான்கு சாதியாகப் பிரித்தார். அந்தப் பிரிவினை இன்றும் பாடப்புத்தகங்களில் நிற்கிறது. ஏ பிரிவு, 30 முதல் 100 மைக்ரான் வரையிலான லேசான தூள். பதமாக உப்பி, பிறகே குமிழிவிடும். எண்ணெய் ஆலை வினையூக்கி இந்த வகை. பி பிரிவு, ஆற்று மணல் போன்றது. மிதக்கத் தொடங்கியதுமே குமிழிவிடும். டி பிரிவு, கோதுமை, காபிக் கொட்டை அளவிலானவை. சி பிரிவுதான் வில்லன்: 30 மைக்ரானுக்கும் நுண்ணிய மாவு வகைகள். அந்த அளவில் துகள்களுக்கு இடையிலான ஒட்டுவிசை அவற்றின் எடையை மிஞ்சிவிடும். காற்று தனித்தனித் துகளைத் தூக்க முடியாமல், படுகையை அடை அடையாகப் பிளந்துகொண்டு போகும். கோதுமை மாவைப் பாய்மமாக்க முயன்றவர்களுக்குத் தெரியும்.

பெயின்ட் தூள் ஏ பிரிவுக்கும் சி பிரிவுக்கும் நடு வேலியில் உட்கார்ந்திருக்கிறது. சராசரிப் பருமன் 30, 40 மைக்ரான், அதாவது தலைமுடியின் அகலத்தில் பாதி. ஆனால் அதோடு 10 மைக்ரான் பொடியும் கலந்திருக்கும். கொஞ்சம் ஈரம் ஏறினாலோ, பொடியின் விகிதம் கூடினாலோ வேலியின் மறுபக்கம் விழுந்துவிடும். இதைத் தடுக்கத் தயாரிப்பாளர்களே நுண்ணிய சிலிக்காவைச் சிட்டிகையளவு சேர்க்கிறார்கள். அது துகள்களுக்கு நடுவே உருளைபோல் நின்று ஒட்டவிடாமல் செய்கிறது. வீட்டில் செய்யக்கூடியது கோப்பையை நடுங்க வைப்பது. பழைய மின் பல்துலக்கியையோ, சின்ன அதிர்வு மோட்டாரையோ பக்கத்தில் கட்டிவிட்டால் பிளவுகள் திறக்கத் திறக்கச் சரிந்து மூடிக்கொள்ளும். விரல் நுனியால் தட்டிக்கொண்டிருப்பதும் அதே வைத்தியத்தின் ஏழை வடிவம், வேலை செய்கிறது.

ஈரத்தோடு வெப்பமும் பகை. இந்தத் தூளின் பாலியெஸ்டர் 50, 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள்ளோ ஹீட் கன் பக்கத்திலோ டப்பா கிடந்தால் துகள்கள் விளிம்பில் ஒட்டிக் கட்டியாகும். சல்லடையில் சலித்தால் கொஞ்சம் மீளும். வேலை முடிந்ததும் தூளைக் கோப்பையிலேயே விட்டுவைக்காமல் இறுக மூடும் டப்பாவில் திருப்பிக் கொட்டுவது நல்லது. வடநாட்டுக் குளிர்காலத்தில் இதற்கு நேர் எதிரான தொல்லையும் வரும். ஹீட்டர் போட்ட அறையில் காற்று எலும்பாக உலர்ந்து, தூள் பி.வி.சி. சுவரில் உரசி மின்னூட்டம் ஏறி, சுவரோடு ஒட்டிக்கொள்ளும். நிலத்தோடு கம்பி இணைத்த உலோகக் கோப்பையில் இந்தச் சேட்டை அடங்கும்.

பட்டறைக் கம்ப்ரஸரை மாட்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் ஒருநாள் வரும். கம்ப்ரஸர் காற்றைப் பல மடங்கு நெருக்கும்போது அதிலுள்ள ஈரம் நீராகப் பிரியும். பிஸ்டனின் எண்ணெயும் துளித்துளியாகச் சேர்ந்து வரும். நீர் தூளைக் கட்டியாக்கும். எண்ணெய் பூச்சில் மீன் கண் போன்ற வட்டக் குழிகளை உண்டாக்கும். மீனுக்காகச் செய்த சாமானில் மீன் கண், அழகாகத் தோன்றலாம். பூச்சு அந்த இடத்தில்தான் முதலில் உரியும். மீன் தொட்டிப் பம்பு காற்றைப் பெயருக்குத்தான் நெருக்குகிறது. அதனால் அது பிழியும் நீர் இல்லை. ரப்பர் சவ்வின் துடிப்பு கோப்பையைச் சற்று நடுக்குவதும் உபரி லாபம். அந்தச் சின்னப் பம்பிலும் காற்று மிஞ்சத்தான் செய்யும் என்பதால், மிச்சத்தை ஒரு வால்வு வழியே வெளியே விட்டுவிட வேண்டும்.

விடாவிட்டால் என்ன ஆகும் என்பதை முறம் சொல்லும். புடைக்கும்போது உமி பறக்கிறது, அரிசி நிற்கிறது; காற்றின் வேகம் உமியின் விழும் வேகத்தைவிட அதிகம், அரிசியினுடையதைவிடக் குறைவு. நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டரை அப்படியே விட்டால் நம் கோப்பையில் காற்று நொடிக்கு ஒன்றேகால் சென்டிமீட்டர் ஏறும். 10 மைக்ரான் துகள் அசையாத காற்றில் விழும் வேகம் நொடிக்கு அரை சென்டிமீட்டர்கூட இல்லை. ஆகவே பொடியெல்லாம் கோப்பையை விட்டுப் புகையாக வெளியேறும். மேசையில் ஸ்பிரிட் விளக்கோ மெழுகுவத்தியோ எரிந்துகொண்டிருந்தால் விபரீதம். காற்றில் அடர்ந்து மிதக்கும் பெயின்ட் தூள் குப்பென்று பற்றக்கூடியது. சூடாக்க ஹீட் கன், மூக்குக்கு முகமூடி. இரண்டிலும் கஞ்சத்தனம் வேண்டாம். தூள் கிடந்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு உப்பி, மேலே சிறு குமிழிகள் மட்டும் வெடிக்கிற அளவே போதும்.

நிறத்துக்கு நிறம் வால்வைத் திருப்ப வேண்டியிருக்கும். வெள்ளைத் தூளில் டைட்டானியம் டை ஆக்சைடு நிறைய உண்டு. நீரைவிட நான்கு மடங்குக்கு மேல் அடர்ந்த பொருள் அது. எனவே வெள்ளை கனக்கும், நிறமில்லாத தெளிவுத் தூள் லேசாக எழும். இருளில் ஒளிரும் தூளில் கரடுமுரடான கனத்த துகள்கள் இருப்பதால் அவை மெல்ல அடியில் தங்கிவிடும், அவ்வப்போது குச்சியால் கிளற வேண்டும். பச்சைக்குச் சரியாக வைத்த காற்றில் வெள்ளை எழவில்லையே என்று கோப்பையைப் பிரித்துப்போடத் தேவையில்லை.

படுகை ஒழுங்காகக் கொதிக்கும்போது, பூச்சு கெட்டால் பழி சூட்டின் மேல். ஈயம் சூட்டைச் சேமிக்கத் தெரியாத உலோகம். ஒரு கிராம் நீர் பிடித்துவைக்கும் வெப்பத்தில் முப்பதில் ஒரு பங்கைத்தான் பிடிக்கும். கால் அவுன்ஸ் ஜிக், அதாவது 7 கிராம், ஹீட் கன்னிலிருந்து கோப்பைக்குப் போகும் வழியிலேயே ஆறத் தொடங்கிவிடும். அதில் எட்டில் ஒரு பங்கு எடையுள்ள குட்டி ஜிக்குக்கு மேற்பரப்பு நான்கில் ஒரு பங்கு இருக்கும். கணக்குப் பார்த்தால் அது இரு மடங்கு வேகத்தில் ஆறும். ஆகவே பெரிய ஜிக்கில் பழகிய கை, குட்டி ஜிக்கில் தடுமாறும். தவிர, பாய்மப் படுகை சூட்டை வாங்குவதில் கெட்டிக்காரப் பயல்; ஆலைகளில் அதை விரும்புவதற்கே அது ஒரு காரணம். தூளுக்குள் வைத்து யோசித்துக்கொண்டிருக்க முடியாது.

வெளியே எடுத்த ஜிக்கைப் பார்த்தே சொல்லிவிடலாம். தூள் மாவாகவே ஒட்டியிருந்தால் சூடு போதவில்லை. ஹீட் கன்னில் இன்னொரு முறை காட்டினால் இளகிக்கொள்ளும். எடுத்த நொடியே கண்ணாடியாகி அடியில் சொட்டு தொங்கினால் சூடு அதிகம், அல்லது கோப்பைக்குள் இருந்த நேரம் அதிகம். இளகி, ஈரம் தோன்றி, வழியாமல் நிற்பது பதம். கயிறு கட்டும் துளைக்குள் பெயின்ட் போயிருக்கும். இளஞ்சூட்டிலேயே ஊசியால் குத்தி எடுத்துவிட வேண்டும். அடுப்பில் இறுகிய பிறகு குத்தினால் ஊசிதான் வளையும்.

ஏனென்றால் அதுவரை நடந்தது உருகல் மட்டுமே. பாலியெஸ்டர் சங்கிலிகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்து மறுபடி உருகாத ஓடாக மாற, 350 ஃபாரன்ஹீட் அடுப்பில், அதாவது சுமார் 177 டிகிரி செல்சியஸில், கால் மணி நேரத்துக்கு மேல் தொங்க வேண்டும். அந்தக் குட்டி அடுப்பில் அதன்பின் ரொட்டி சுடக் கூடாது. ஈயம் உருகுவது 327 டிகிரியில் என்பதால் அதற்கு ஆபத்தில்லை.

ஆனால் ஈயத்தின் காலமே சில இடங்களில் முடிந்துகொண்டிருக்கிறது. அறுந்து விழுந்த ஜிக்குகளை விழுங்கி ‘லூன்’ என்னும் நீர்ப்பறவைகள் ஈய விஷத்தில் சாகின்றன. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் ஒரு அவுன்ஸ் வரையிலான ஈய ஜிக்குகளை 2016 முதல் தடைசெய்தது. மாற்றாகப் பலர் பிஸ்மத், வெள்ளீயக் கலவைகளுக்குத் தாவுகிறார்கள். சுலபமாக வார்க்கலாம் என்று 58 பங்கு பிஸ்மத், 42 பங்கு வெள்ளீயம் சேர்ந்த கலவையை வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: அது 138 டிகிரியிலேயே உருகிவிடும். கோப்பை சரியாகக் கொதித்திருக்கும், பூச்சு குறையில்லாமல் படிந்திருக்கும், வரிசையாக அடுப்பில் தொங்கவிட்டிருப்பார்கள். கால் மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தால் கம்பியில் வெறும் முள்கள் ஆடிக்கொண்டிருக்கும். கீழே தட்டில், எலுமிச்சைப் பச்சைத் தோல் சுருங்கிய வெள்ளிக் குட்டைகள்.